மின்சாரம் நின்று வந்தபின் எம்டி0 காணாமற்போய் எம்டி127 வந்தது: ரெய்ட் அணியைத் தொடக்கத்திலேயே சரியாக எழுப்புவது எப்படி?

ஒட்டுசுட்டான்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணினியை நான் பராமரித்து வருகிறேன். அங்கத்தவர் விபரங்கள், நெல் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகள், ஸ்கேன் செய்த காணி ஆவணங்கள் ஆகிய எல்லாம் அந்த ஒரே கணினியில் இருப்பதால், இரண்டு 4 டிபி வன்தட்டுகளை வாங்கி லினக்ஸில் வன்தட்டு அணிகளை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் நிரல் மூலம் ரெய்ட் 1 ஆக (இரண்டிலும் ஒரே தரவு இருக்கும் அணியாக) எம்டி0 என்ற பெயரில் இணைத்தேன். இயங்குதளம் டெபியன் 12. அது தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டியில் உள்ளது. ஆகவே அணியில் இருப்பது தரவு மட்டுமே.

உருவாக்கிய அன்று குறை எதுவும் தெரியவில்லை. அணியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டேட் கோப்பில், இரு தட்டுகளும் நலம் என்பதற்கான இரண்டு 'யூ'க்களும் தெரிந்தன. எக்ஸ்டி4 கோப்பு முறைமையாக வடிவமைத்து, தொடக்கத்தில் எவற்றை இணைக்கவேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எம்டி0 என்ற பெயரைக் கொடுத்து மவுண்ட் செய்தேன் (ஓர் அடைவில் இணைத்தேன்). பின்னர் ஒரு நீண்ட மின்வெட்டில் யூபிஎஸ் தீர்ந்து கணினி அணைந்தது. மின்சாரம் வந்து மீண்டும் எழுந்தபோது, ஒரு சாதனத்துக்காகக் காத்திருப்பதாக ஒன்றரை நிமிடம் திரையில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் அவசர நிலைக்குச் சென்று, ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் கன்சோலைத் திறக்க முடியாது என்று சொல்லி நின்றுவிட்டது. லைவ் யூஎஸ்பி மூலம் உள்ளே சென்று எஃப்எஸ்டேப்பில் அந்த வரியை நீக்கிய பிறகே கணினி எழுந்தது. பார்த்தால், அணி எம்டி127 என்ற பெயரில் நலமாக இருந்தது. தரவுக்குச் சேதம் எதுவுமில்லை.

இணையத்தில் பலரும் கூறியபடி, எம்டிஏடிஎம் கட்டளையை டீடெயில், ஸ்கேன் என்ற தெரிவுகளோடு இயக்கி, அணியை விவரிக்கும் 'அரே' வரியைப் பெற்று, அந்நிரலின் அமைப்புக் கோப்பான எம்டிஏடிஎம்.கொன்ஃப் கோப்பின் இறுதியில் சேர்த்தேன். மறுதொடக்கம் செய்தும் அதே எம்டி127 தான் வருகிறது. இப்போதைக்கு எஃப்எஸ்டேப்பில் எம்டி127 என்றே எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு விடயங்களை அறிய விரும்புகிறேன். முதலாவது, இந்தப் பெயரைத் தீர்மானிப்பது யார், நான் எழுதிய கோப்பை அது ஏன் படிக்கவில்லை? இரண்டாவது, நாளை ஒரு வன்தட்டு பழுதடைந்தால் இக்கணினி மற்றைய தட்டோடு தானாகவே எழுமா? நான் இருப்பது கிளிநொச்சியில். காலையில் அலுவலகத்தைத் திறந்து கணினிப் பொத்தானை அழுத்துபவர் எழுதுவினைஞர் மட்டுமே. அவசர நிலைத் திரையின் முன் அவரால் எதுவும் செய்ய இயலாது.

---

முறிகண்டி எழுதியது:

தம்பி, அந்த வன்தட்டுகளின் பகிர்வு (பார்ட்டிஷன்) வகையை எஃப்டி என்று மாற்றினீர்களா? 'லினக்ஸ் ரெய்ட் ஓட்டோடிடெக்ட்' என்பது அதுதான். நாங்கள் முன்னர் அமைத்த வழங்கிகளில் எஃப்டிஸ்க்கில் அந்த வகையைக் கொடுத்துவிட்டால் போதும்; எந்தக் கொன்ஃப் கோப்பும் இல்லாமல் இயங்குதளத்தின் கருவான கேர்னலே அணியைத் தேடிக் கூட்டிவிடும். எம்டி127 என்ற ஒன்றை நாங்கள் கண்டதே இல்லை.

---

கனகராயன் எழுதியது:

முறிகண்டி அண்ணா சொன்னது அந்தக் காலத்து அணிகளுக்கு முற்றிலும் சரி. ஆனால் இந்த அணிக்கு அது பொருந்தாது. கேர்னல் தானாகத் தேடிக் கூட்டும் அந்த வழி 0.90 வடிவ சூப்பர்பிளாக் (அணியின் விபரம் எழுதப்பட்ட தட்டுப் பகுதி) கொண்ட அணிகளுக்கு மட்டுமே உரியது. அதுவும் எம்டி இயக்கி தனியே ஏற்றப்படும் மொடியூலாக இல்லாமல் கேர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால் மட்டுமே நடக்கும். 2010 முதல் எம்டிஏடிஎம் இயல்பாக எழுதுவது 1.2 வடிவம். இது பகிர்வின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கும். கேர்னல் இதைத் தானாகத் தேடாது. வகையை எஃப்டி என்று மாற்றுவதால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. பழைய 0.90 வடிவத்துக்குத் திரும்பிப் போகவும் நான் சொல்லமாட்டேன். அது பகிர்வின் கடைசியில் எழுதப்படுவதால், அணியின் ஓர் உறுப்புத் தட்டைத் தனியே பார்க்கும் நிரல் அதைச் சாதாரண எக்ஸ்டி4 என்று எண்ணி மவுண்ட் செய்துவிடும் ஆபத்து உண்டு. 1.2 வடிவத்தில் அந்தத் தடுமாற்றம் வராது.

இனி உங்கள் முதற் கேள்விக்கு வருகிறேன். இன்று அணியைக் கூட்டுவது, சாதனங்களைக் கண்டறியும் யூடெவ் நிரல். ஒவ்வொரு தட்டும் கண்ணில் பட்டவுடன் அது எம்டிஏடிஎம்மை 'இன்கிரிமென்டல்' தெரிவோடு அழைக்கிறது. எம்டிஏடிஎம் அந்தத் தட்டின் சூப்பர்பிளாக்கைப் படித்து, எந்த அணியைச் சேர்ந்தது என்று கண்டு, உரிய இடத்தில் வைக்கிறது. உறுப்புகள் யாவும் வந்து சேர்ந்ததும் அணியை இயக்குகிறது. கவனிக்க வேண்டியது, இது நடக்கும் நேரம். டெபியனில் எம்டிஏடிஎம் பொதி நிறுவப்பட்டிருந்தால், உங்கள் எஸ்எஸ்டியில் உள்ள ரூட் பகிர்வு திறக்கப்படுவதற்கு முன்பே, இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறிய தற்காலிகக் கோப்பு முறைமைக்குள் இருந்தபடியே இவ்வேலை தொடங்கிவிடுகிறது. அந்நேரத்தில் எம்டிஏடிஎம் படிப்பது நீங்கள் திருத்திய கோப்பை அன்று; இனிட்ராம்எஃப்எஸ் கடைசியாகக் கட்டப்பட்டபோது அதற்குள் வைக்கப்பட்ட பழைய பிரதியையே அது படிக்கிறது. அந்தப் பிரதியில் உங்கள் 'அரே' வரி இல்லை.

வரி இல்லாதபோது எம்டிஏடிஎம் வேறொன்றைப் பார்க்கிறது. 1.2 சூப்பர்பிளாக்கில் அணியின் பெயரோடு, அதை உருவாக்கிய கணினியின் பெயரும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு எழுதப்பட்டிருக்கும். எம்டிஏடிஎம்மின் எக்ஸமின் தெரிவைக் கொண்டு ஒரு தட்டைப் பார்த்தால் 'நேம்' என்ற வரியில் அதைக் காணலாம். கணினியின் பெயர் ஒத்துப்போனால் 'இது நம்முடையது' என்று கேட்ட இலக்கத்தைக் கொடுக்கும். ஒத்துப்போகாவிட்டால் வெளியூர் அணி என்று கருதி 127 இலிருந்து கீழ்நோக்கி எண்ணி ஒரு வெற்றிலக்கத்தைக் கொடுக்கும். இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்தில் கணினிக்குப் பெரும்பாலும் இன்னும் பெயரே சூட்டப்பட்டிருக்காது. சொந்த அணியே அந்நியமாகிவிடுவது இதனாலேதான்.

ஆகவே செய்யவேண்டியவை இவை. முதலில் எம்டிஏடிஎம்.கொன்ஃப் கோப்பைத் திறந்து, 'அரே' வரி ஒரேயொரு முறை மட்டும் இருப்பதை உறுதிசெய்யுங்கள்; இறுதியில் சேர்க்கும் கட்டளையைத் திரும்பத் திரும்ப இயக்கியவர்களின் கோப்பில் ஒரே அணிக்கு மூன்று, நான்கு வரிகள் முரண்பட்ட பெயர்களோடு கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த வரியைப் பெற்றபோது அணி எம்டி127 ஆக ஓடிக்கொண்டிருந்ததால், வரியிலும் 127 என்ற பெயரோ கணினிப் பெயரோடு கூடிய நீண்ட பெயரோ இருக்கக்கூடும். அதை எம்டி0 என்று திருத்தி, யூயூஐடியை (தனித்த அடையாள எண்ணை) மட்டும் வைத்துக்கொண்டு, 'நேம்', 'ஸ்பெயர்ஸ்' முதலிய மற்றவற்றை நீக்கிவிடுங்கள். தட்டு மீளமைப்பு நடந்துகொண்டிருக்கையில் அந்த வரியை எடுத்தால் 'ஸ்பெயர்ஸ் 1' என்று பதிவாகி, பின்னர் உதிரித் தட்டைக் காணவில்லை என்று கண்காணிப்பு நிரல் ஓயாமல் முறையிடும். அதன்பின் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை 'யூ' தெரிவோடு ரூட் உரிமையில் இயக்குங்கள். பல கேர்னல்கள் இருந்தால் 'கே ஓல்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் பழைய கேர்னலில் எழுந்த அன்று சிக்கல் மீண்டும் வரும். மறுதொடக்கம் செய்யுமுன் 'அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ்' கொண்டு அதனை ஒரு தற்காலிக அடைவில் விரித்து, உள்ளே இருக்கும் கொன்ஃப் பிரதியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எஃப்எஸ்டேப்பில் எம்டி0 என்றும் எழுதாதீர்கள், எம்டி127 என்றும் எழுதாதீர்கள். கோப்பு முறைமையின் யூயூஐடியை எழுதுங்கள். இங்கே பலர் தடுக்கி விழுவதுண்டு, ஏனெனில் யூயூஐடி இரண்டு இருக்கின்றன. எம்டிஏடிஎம் தருவது எட்டெட்டு எழுத்துகளாக நான்கு பகுதிகள், இடையே முக்காற்புள்ளிகள். அது அணியின் அடையாளம், கொன்ஃப் கோப்புக்கு உரியது. பிஎல்கேஐடி கட்டளையை எம்டி சாதனத்தின் மீது இயக்கினால் இடைக்கோடுகளோடு வருவது கோப்பு முறைமையின் அடையாளம்; எஃப்எஸ்டேப்புக்கு உரியது அதுவே. பிஎல்கேஐடியை எஸ்டிபி1 போன்ற உறுப்புத் தட்டின் மீது இயக்கினால் அணியின் அடையாளமே இடைக்கோடுகள் போட்டு வேறு தோற்றத்தில் வரும். அதை எடுத்து எழுதினால் மீண்டும் ஒன்றரை நிமிடக் காத்திருப்பும் அவசர நிலையும்தான். எழுதி முடித்தபின் 'ஃபைண்ட்எம்என்டி' கட்டளையை 'வெரிஃபை' தெரிவோடு இயக்கினால் எஃப்எஸ்டேப்பின் பிழைகளை மறுதொடக்கத்துக்கு முன்பே சொல்லிவிடும்.

ரூட் கணக்குக்கு ஒரு கடவுச்சொல்லும் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை லைவ் யூஎஸ்பி தேடவேண்டிவராது.

---

ஒட்டுசுட்டான்வாசி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. கொன்ஃப் பிரதியை விரித்துப் பார்த்தபோது நீங்கள் சொன்னபடியே அதில் 'அரே' வரி இருக்கவில்லை. திருத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தபின் எம்டி0 நிலையாக வருகிறது. எஃப்எஸ்டேப்பில் இடைக்கோட்டு யூயூஐடியை எழுதி, தட்டு இல்லாவிட்டாலும் கணினி எழட்டும் என்று 'நோஃபெயில்' தெரிவையும் சேர்த்துள்ளேன். காத்திருப்பு நேரத்தை 10 விநாடியாகக் குறைக்கவும் எண்ணியிருக்கிறேன். இனி ஒரு தட்டைக் கழற்றிவிட்டு எழுப்பிப் பார்க்கலாமா, அல்லது அது ஆபத்தா?

---

பாலியாற்றங்கரை எழுதியது:

கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்பு அந்த 10 விநாடியை எடுத்துவிடுங்கள்.

காரணம் இது. ஓர் உறுப்புத் தட்டு எதிர்பாராமல் வராதபோது, சற்றுத் தாமதமாக வரக்கூடும் என்று கருதி எம்டிஏடிஎம் அணியை உடனே இயக்காது. டெபியனில், தொடக்கப் பணிகளை நடத்தும் சிஸ்டம்டியின் கீழ் 'லாஸ்ட் ரிசோர்ட்' என்னும் நேரக்கணிப்பி 30 விநாடி பொறுத்திருந்து, அதற்குள் மற்றைய தட்டு வராவிட்டால், இருப்பதைக் கொண்டு அணியைக் குறையுற்ற நிலையில் இயக்கும். மவுண்டுக்கான சிஸ்டம்டியின் இயல்பான காத்திருப்பு 90 விநாடி. 30 அதற்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் அதை 10 ஆக்கினால், அணி எழுவதற்கு முன்பே மவுண்ட் கைவிடப்பட்டுவிடும். நோஃபெயில் இருப்பதால் கணினியும் எதுவும் சொல்லாமல் எழுந்து நிற்கும். தட்டு ஏற்கெனவே பழுது என்று சூப்பர்பிளாக்கில் பதிவாகியிருந்தால் இந்த 30 விநாடிக் காத்திருப்பும் இராது. வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அணி உடனே இயங்கும். ஓடிக்கொண்டிருக்கையில் தட்டுப் பழுதானால் இந்த இரண்டாம் வகை. அணைந்திருந்த நேரத்தில் பழுதானாலோ கேபிள் கழன்றாலோ முதல் வகை.

நோஃபெயில் பற்றியும் ஒரு எச்சரிக்கை. உங்கள் எழுதுவினைஞர் ஸ்கேன் செய்யும் ஆவணங்கள் சம்பா என்னும் வலையமைப்புக் கோப்புப் பகிர்வு வழியாக அந்த அடைவுக்குள் செல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அணி மவுண்ட் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு வெற்று அடைவு எஸ்எஸ்டியில் இருக்கிறது. சம்பா அதையே பகிர்கிறது. அன்றைய காணி ஆவணங்கள் எல்லாம் எஸ்எஸ்டிக்குள் போகின்றன. மறுநாள் அணி சரியாக மவுண்ட் ஆனதும் அவை அதன் கீழே மறைந்துவிடுகின்றன. பழைய கோப்புகள் எல்லாம் இருக்கின்றன, நேற்றையவை மட்டும் இல்லை என்று யாராவது முறையிட்டால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். ரூட் பகிர்வை வேறோர் அடைவில் 'பைண்ட்' முறையில் மவுண்ட் செய்து பார்த்தால் மறைந்த கோப்புகள் அங்கே அப்படியே கிடக்கும்.

இதைத் தடுக்க இரண்டு காரியம் செய்யுங்கள். அணி மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெற்று அடைவின் மீது 'சிஎச்ஏடிடிஆர்' கட்டளையை 'பிளஸ் ஐ' தெரிவோடு இயக்கினால், ரூட் உட்பட எவரும் அதற்குள் எழுத முடியாது. மேலே அணி மவுண்ட் ஆனபின் அந்தத் தடை குறுக்கிடாது. அடுத்து, சம்பாவின் சிஸ்டம்டி அலகில் 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபோர்' என்ற வரியைச் சேர்த்து அந்த அடைவின் பாதையைக் கொடுங்கள். அணி இல்லையென்றால் பகிர்வே இராது. எழுதுவினைஞருக்குப் பிழைச்செய்தி வரும், அவர் உங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். என்னைக் கேட்டால், நோஃபெயிலைத் தனியே போடுவதை விட, போடாமலே இருந்து கணினி அவசர நிலையில் நிற்பது மேல். நின்றுபோன கணினியை எவரும் கவனிப்பார்கள். தவறான இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் கணினியை எவரும் கவனிக்கமாட்டார்கள்.

கழற்றிப் பார்க்கும்போது பின்பற்றவேண்டிய ஒழுங்கு. எம்டிஸ்டேட்டில் இரண்டு 'யூ'க்களும் இருக்கின்றனவா, மீளொத்திசைவு எதுவும் நடக்கவில்லையா என்று பார்த்துவிட்டு, கணினியை அணைத்து, ஒரு தட்டின் கேபிளை மட்டும் கழற்றி எழுப்புங்கள். அணி ஒரு 'யூ'வும் ஓர் அடிக்கோடுமாக வந்து, தரவும் மவுண்ட் ஆகவேண்டும். பின்னர் அணைத்து, கழற்றிய அதே தட்டை மாட்டி எழுப்புங்கள். அது இயல்பாக உள்ளே சேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம். நீங்கள் எழுதியவற்றை அது அறியாததால் அதன் நிகழ்வு எண்ணிக்கை பின்தங்கியிருக்கும். கேர்னல் பதிவில் 'நொன்-ஃபிரெஷ்' என்று சொல்லி அதை வெளியே தள்ளிவிடும். ரீ-ஆட் தெரிவைக் கொண்டு நீங்களே அதைச் சேர்க்கவேண்டும்.

100 ஜிபிக்கு மேற்பட்ட தட்டுகளில் எம்டிஏடிஎம் பிட்மேப் (மாறிய பகுதிகளின் குறிப்பேடு) ஒன்றைத் தானாகவே வைத்திருக்கும். எம்டிஸ்டேட்டில் 'பிட்மேப்' என்ற வரி தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் மாறிய பகுதிகள் மட்டும் பிரதியாகி ரீ-ஆட் விரைவில் முடியும். இல்லையென்றால் 4 டிபி முழுவதையும் படித்தெழுதவேண்டும், விநாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தாலும் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். எங்கள் பக்கத்து மின்வெட்டுகளுக்கு இந்த பிட்மேப் மிகப் பெரிய உதவி. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்று வந்தாலும் ஒத்திசைவு அதைக் கொண்டுதான் சீக்கிரம் முடிகிறது.

முதல் தட்டு முழுமையாக ஒத்திசைந்த பின்னரே இரண்டாவதைக் கழற்றிப் பார்க்கவேண்டும். இன்று ஒன்றை மட்டும் வைத்து எழுதி, நாளை அதைக் கழற்றிவிட்டு மற்றையதை மட்டும் வைத்து எழுதினால், கிளைபிரிந்த இரு வரலாறுகள் உண்டாகிவிடும். அவற்றை எம்டிஏடிஎம்மால் ஒன்றாக்க முடியாது, ஒன்றை நீங்கள் பலியிடவேண்டும். எந்த நிலையிலும், அணி எழவில்லை என்று பதறி 'கிரியேட்' கட்டளையை மீண்டும் இயக்காதீர்கள். 'அசெம்பிள்' தான் வழி. அதற்கு முன்பு எக்ஸமின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்.

---

முறிகண்டி எழுதியது:

கனகராயன் தம்பியின் விளக்கத்துக்கு நன்றி. 0.90 பற்றிய செய்தி எனக்கும் பயன்பட்டது. என்னிடம் அந்த வடிவத்தில் ஓடும் ஓர் அணி இன்னும் உள்ளது. அதில் ரூட் பகிர்வும் ரெய்ட் 1 மீதே உள்ளது. ஒட்டுசுட்டான் தம்பியின் கணினியில் இயங்குதளம் தனி எஸ்எஸ்டியில் இருப்பதால் அவருக்கு இது பொருந்தாது. என்னைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டியது வேறு ஏதும் உண்டா?

---

கனகராயன் எழுதியது:

உண்டு அண்ணா. ரூட் அணியில் இருந்தால், கணினியைத் தொடக்கும் கிரப் நிரல் இரண்டு தட்டுகளிலும் நிறுவப்பட்டிருக்கவேண்டும். பலர் முதல் தட்டில் மட்டும் வைத்திருப்பார்கள். அந்தத் தட்டே பழுதானால் அணி நலமாக இருந்தும் கணினி எழாது. பழைய பயோஸ் முறையில் கிரப்-இன்ஸ்டோல் கட்டளையை ஒவ்வொரு தட்டின் மீதும் தனித்தனியே இயக்கினால் போதும். புதிய யூஈஎஃப்ஐ முறைக் கணினி என்றால், தொடக்கக் கோப்புகள் உள்ள ஈஎஸ்பி பகிர்வை 1.2 வடிவ அணிக்குள் வைக்க முடியாது. ஃபேர்ம்வெயர் அதைப் படிக்காது. ஒவ்வொரு தட்டிலும் தனித்தனி ஈஎஸ்பி வைத்துப் பிரதி செய்துகொள்வதே எனக்குப் பிடித்த வழி. கடைசியில் எழுதப்படும் 1.0 வடிவத்தில் ஈஎஸ்பியை ரெய்ட் 1 ஆக்குபவர்களும் உள்ளனர். ஃபேர்ம்வெயர் ஒரு பக்கத்தில் மட்டும் எதையாவது எழுதிவிட்டால் இரண்டும் வேறுபட்டுப்போகும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

ஒட்டுசுட்டான்வாசிக்கு ஒன்று விடுபட்டுப்போனது. குறையுற்ற நிலையிலும் கணினி சத்தமின்றி எழும்படி இப்போது அமைத்துவிட்டீர்கள். ஒரு தட்டு போய்விட்டது என்பது கிளிநொச்சியில் இருக்கும் உங்களுக்குத் தெரியவேண்டுமே. எம்டிஏடிஎம்.கொன்ஃப் கோப்பில் 'மெயில்ஏடிடிஆர்' வரியில் மின்னஞ்சல் முகவரி கொடுக்கலாம். ஆனால் கணினியில் அஞ்சல் அனுப்பும் நிரல் அமைக்கப்படாவிட்டால் அந்த எச்சரிக்கை ரூட்டின் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதைவிட 'ப்ரோகிராம்' என்ற வரியில் ஒரு சிறிய ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுத்து, அந்த ஸ்கிரிப்ட் உங்கள் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும்படி செய்வது நல்லது. நிகழ்வின் பெயரையும் அணியின் பெயரையும் எம்டிஏடிஎம் அதற்குக் கொடுத்துவிடும். எம்டிஏடிஎம்மை மொனிட்டர், ஸ்கேன், வன்ஷொட், டெஸ்ட் ஆகிய தெரிவுகளோடு இயக்கினால் ஒவ்வோர் அணிக்கும் ஒரு சோதனைச் செய்தி வரும். தட்டைக் கழற்றும் முன்பே அதைச் செய்து, செய்தி உங்கள் கைக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஒட்டுசுட்டான்வாசி எழுதியது:

10 விநாடி வரியை நீக்கிவிட்டேன். அடைவுக்குத் தடை போட்டு, சம்பா அலகிலும் வரியைச் சேர்த்தாயிற்று. எம்டிஸ்டேட்டில் பிட்மேப் வரி உள்ளது. சோதனைச் செய்தியும் தொலைபேசிக்கு வந்தது. சங்கம் பூட்டியிருக்கும் போயா நாளில் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, எம்டிஸ்டேட் வெளியீட்டை இங்கே இடுகிறேன்.